வேலிக்கு அந்தப் பக்கமும் ரக்பி ஆடினார்கள்

தென்னாப்பிரிக்காவில் அடுத்த ரக்பி படத்தை எடுக்கப்போகிறவர்களுக்கு,

வணக்கம்.

நான் தமிழ்நாட்டின் தென்மாவட்டம் ஒன்றில் பி.டி. வாத்தியாராக இருக்கிறேன். கபடி, கோ-கோ, வாலிபால் என்று போகிறது பிழைப்பு. ரக்பி ஆடியதில்லை, அந்த முட்டைப் பந்தைக் கையால் தொட்டதுகூட இல்லை. இந்த மடலைத் தமிழில் எழுதக் காரணம், எனக்கு மனசு விட்டு எழுத வருவது அதில்தான். 1860-இல் மெட்ராஸில் ட்ரூரோ கப்பல் ஏறி டர்பனில் இறங்கியவர்களின் வழிவந்தவர்கள் யாராவது உங்களுக்குப் படித்துச் சொல்லட்டும்.

1995 ரக்பி உலகக் கோப்பையைத் தென்னாப்பிரிக்கா ஜெயித்த கதையைச் சொல்லும், கிளிண்ட் ஈஸ்ட்வுட் 2009-இல் எடுத்த 'இன்விக்டஸ்' படத்தை எங்கள் பள்ளியில் ஒவ்வொரு ஜூலையிலும், மண்டேலா பிறந்தநாளை ஒட்டிப் போடுகிறேன். பழைய புரொஜெக்டர், நூலக அறையின் வெள்ளைச் சுவர், நடுநடுவே நிறுத்தி நான் சொல்லும் தமிழ் விளக்கம். மார்கன் ஃப்ரீமன் திரையில் வந்ததும் "மண்டேலா, மண்டேலா" என்று பிள்ளைகள் கத்துவார்கள். மேட் டேமன் அவர்களுக்கு "அந்த வெள்ளைக் கேப்டன்", அவ்வளவுதான்.

வேறு படமே கிடைக்கவில்லையா என்று கேட்பீர்கள். எங்கள் பக்கம் பையன்கள் கையில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறத்தை வைத்தே எந்தத் தெரு, எந்தச் சாதி என்று சொல்லிவிடலாம். கபடிக்கு ஏழு பேரைப் பொறுக்கும்போது கணக்கு வாத்தியாரைவிட நான்தான் அதிகம் கணக்குப் போடுவேன். ஒரே டீமில் ஆடினால் ஒட்டிக்கொள்வார்கள் என்று நம்பித்தான் இந்தப் படத்தைப் போட ஆரம்பித்தேன்.

2018-இல் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி முதல் காட்சி முடிவதற்குள்ளேயே கையைத் தூக்கிவிட்டாள்.

அந்தக் காட்சி உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். 1990 பிப்ரவரி 11. நடுவில் ஒரு சாலை. ஒரு பக்கம் பச்சைப்புல் மைதானத்தில் சீருடை போட்ட வெள்ளைப் பையன்கள் ரக்பி ஆடுகிறார்கள். எதிர்ப்பக்கம் வேலிக்குப் பின்னால் மண்தரையில் கறுப்புப் பையன்கள் கால்பந்து உதைக்கிறார்கள். சிறையிலிருந்து வெளிவந்த மண்டேலாவின் கார் வரிசை நடுவே போகிறது. இவர்கள் வேலியில் தொற்றிக்கொண்டு கூவுகிறார்கள். வெள்ளைப் பையன்களின் பயிற்சியாளர், நாடு நாசமாகப்போன நாள் இது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். சொல்லப்போனால் சினிமாவாக அருமையான காட்சி. ஒரு வசனமும் புரியாத பிள்ளைக்குக்கூட நாடு எப்படிக் கிடந்தது என்று ஒரே நிமிடத்தில் புரிந்துவிடும்.

அவள் கேட்டது இதுதான்: "சார், மண்ணுல ஆடுற பிள்ளைங்களுக்கு அந்த முட்டைப் பந்து பிடிக்கலையா, இல்ல குடுக்கலையா?"

"பிடிக்கலை. அது வெள்ளைக்காரங்க ஆட்டம்" என்றேன். படம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். அவள் விடவில்லை. "புல்லுல விட்டா ஆடியிருப்பாங்க சார்" என்றாள். விளையாட்டு வாத்தியார் நான். அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அன்று ராத்திரி தேட ஆரம்பித்தேன், சில மாதங்கள் ஓடின. நான் சொன்ன பதில் தப்பு. உங்கள் நாட்டில் கறுப்பர்கள் ரக்பி ஆடிய வரலாறு, வெள்ளையர்கள் ஆடிய வரலாற்றுக்கு வயதில் பெரிதாக ஒன்றும் இளையதல்ல. 19ஆம் நூற்றாண்டிலேயே கிழக்கு கேப்பின் மிஷன் பள்ளிகளில் கோசா மாணவர்கள் இந்தப் பந்தைக் கையில் எடுத்துவிட்டார்கள். லவ்டேல், ஹீல்ட்டவுன் மாதிரிப் பள்ளிகள். ஹீல்ட்டவுன் மண்டேலா படித்த பள்ளி. கேப் டவுனில் கலப்பினத்தவரும் முஸ்லிம்களும் தங்களுக்கென்று கிளப் வைத்து, சனிக்கிழமை தவறாமல் ஆடியிருக்கிறார்கள். அவர்களுக்கென்று தனி வாரியம், தனிக் கோப்பை எல்லாம் அந்த நூற்றாண்டு முடியும் முன்பே வந்துவிட்டன. நிறவெறி ஆட்சி 1948-இல் வருவதற்கு அரை நூற்றாண்டு முந்தைய கதை இது.

ஆக, அந்த முதல் காட்சியில் எதிர்ப்பக்கம் மண்தரையில் ஒரு ரக்பி பந்தையும் போட்டிருக்கலாம். ஜோகன்னஸ்பர்க் பக்கம் கால்பந்துதான் பெரிசு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படத்தின் நாயகனாக வரும் மண்டேலா கிழக்கு கேப் மண்ணில் பிறந்தவர். அந்த மாகாணத்துக் கிராமங்களில் ரக்பி என்பது எங்கள் ஊர்த் திருவிழாக் கபடி மாதிரி.

மண்டேலா தென்னாப்பிரிக்கக் கேப்டன் பினாருக்குக் கொடுத்ததாகப் படம் காட்டும் 'இன்விக்டஸ்' என்ற கவிதைகூட நிஜத்தில் அவர் கொடுத்தது இல்லை. கொடுத்தது தியோடர் ரூஸ்வெல்ட்டின் உரையிலிருந்து ஒரு பகுதி. அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. தலைப்புக்கு வேண்டி ஒரு காகிதத்தை மாற்றிக்கொண்டார்கள், சினிமாவுக்கு அந்த உரிமை உண்டு. வேலி விஷயம் அப்படி இல்லை. அங்கே மாறிப்போனது ஒரு சமூகத்தின் நூறு வருட ஆட்டம். நடுவில் இன்னொரு காட்சி: ஸ்பிரிங்பாக் (தென்னாப்பிரிக்க ரக்பி அணி) வீரர்கள் பஸ்ஸில் கறுப்பர் குடியிருப்புக்குப் போய், பிள்ளைகளுக்குப் பந்தைப் பிடிக்கவும் வீசவும் கற்றுத்தருகிறார்கள். அழகான காட்சி. என் பிள்ளைகள் கைதட்டும் இடம். ஆனால் அதைப் பார்த்தவர்கள், இவர்கள் போய்க் கற்றுக்கொடுத்த பிறகுதான் அவர்களுக்கு ரக்பி தெரிந்தது என்றுதானே நினைப்பார்கள்? நானும் பத்து வருடத்துக்குப் பக்கமாக அப்படித்தான் நினைத்தேன்.

போர்ட் எலிசபெத்துக்கு வாருங்கள். (ஊர்ப்பெயரை இப்போது மாற்றிவிட்டார்கள். புதுப்பெயரின் முதல் ஒலிக்கு நாக்கை மேலண்ணத்தில் சொடுக்க வேண்டுமாம். முயன்று பார்த்தேன், வீட்டில் சிரித்தார்கள்.) அங்கே நியூ பிரைட்டன், க்வாஸகேலே, ஸ்வீடே என்று கறுப்பர் குடியிருப்புகள். வெள்ளையர் வாரியத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த ஆப்பிரிக்கர் அமைப்பில் இருக்கப் பிடிக்காமல், 1971-இல் அங்கே ஒரு கூட்டம் பிரிந்து தனிச் சங்கம் கண்டது. சுருக்கமாக க்வாரு என்பார்கள். நிறம் பார்க்காத ரக்பி ஒன்றியத்தோடு அது சேர்ந்தது. அதை நடத்தியவர்களில் முக்கியமானவர் டான் கெக்கே. வியாபாரி. ஸ்வீடேயில் அவர் முன்னின்று, ஊர் மக்கள் கைகோத்து ஒரு மைதானம் எழுப்பினார்கள். இன்றும் அது அவர் பெயரில் இருக்கிறது. வாராவாரம் ஆட்டம் மட்டுமா? கூட்டம் கூடத் தடை இருந்த காலத்தில் மக்கள் கூடுகிற இடமும் அதுதான்.

1976-இல் சீக்கி வாட்சன் என்ற வெள்ளைக்கார இளைஞர், ஸ்பிரிங்பாக் தேர்வு ஆட்டத்துக்கான அழைப்பை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, சகோதரரோடு போய் க்வாரு அணிக்காகக் கறுப்பர்களோடு சேர்ந்து ஆடினார். அந்தக் குடியிருப்புக்குள் நுழையவே வெள்ளையர்களுக்கு அனுமதி வேண்டும். ஒளிந்துதான் போனார்கள். சோவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகளைச் சுட்டு நாலு மாதம்கூட ஆகவில்லை. 1995-இல் நடந்ததற்கு 19 வருடம் முன்னால், கோப்பை இல்லாமல், கேமரா இல்லாமல், அதிபரும் இல்லாமல் ஒன்றாக ஆடிய ஆட்டம் அது. படமாக்க இதைவிட வேறு என்ன வேண்டும்? கார் டிக்கியிலிருந்து இறங்கும் ஒரு ஷாட் போதும் என்று என் சினிமாப் புத்தி சொல்கிறது. அவர்கள் டிக்கியில் போனார்களா என்பதை நீங்கள் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தனிப்பட்ட முறையில் ஒருவரைப் பற்றிச் சொல்ல ஆசை. டர்பனில் பிறந்த சாம் ராம்சாமி. அவரும் என் சாதி, அதாவது பி.டி. வாத்தியார் சாதி. 1970களில் நாட்டைவிட்டு லண்டன் போய், நிறவெறித் தென்னாப்பிரிக்காவோடு யாரும் ஆடாதீர்கள் என்று உலகம் பூராவும் கதவு தட்டினார். உள்நாட்டில் ஹாசன் ஹோவா, எம். என். பாத்தர் போன்ற விளையாட்டு நிர்வாகிகள் அதே வேலையைச் செய்தார்கள். சமூகமே கோணலாக இருக்கையில் ஆட்டம் மட்டும் எப்படி நேராக இருக்கும் என்பது ஹோவாவின் வாதம். 1976-இல் நியூசிலாந்து அணி தென்னாப்பிரிக்காவுக்கு ஆடப் போனதைக் கண்டித்து ஆப்பிரிக்க நாடுகள் மான்ட்ரியால் ஒலிம்பிக்கையே புறக்கணித்தன. 1981-இல் ஸ்பிரிங்பாக் அணி நியூசிலாந்து போனபோது ஹாமில்டனில் மக்கள் மைதானத்துக்குள் இறங்கி ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஆக்லாந்தில் விமானத்திலிருந்து மைதானத்தில் மாவு மூட்டை போட்டார்கள். இது எதுவும் 'இன்விக்டஸ்' படத்தில் காலே வைப்பதில்லை. ஸ்பிரிங்பாக் ஏன் 1987, 1991 உலகக் கோப்பைகளில் இல்லை என்று என் பிள்ளைகளுக்கு நான்தான் படத்தை நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்புறம் ஸ்டீவ் ட்ஷ்வெட்டே. கிழக்கு கேப்பில் வளர்ந்தவர், ரக்பி என்றால் உயிர். ராபன் தீவில் 15 வருடம் சிறை. அந்தத் தீவில் கைதிகள் ரக்பி ஆடினார்கள் என்பதே எனக்குப் புதுச் செய்தி. அதை அங்கே முன்னின்று நடத்தியவர்களில் இவர் ஒருவர். 1994-இல் மண்டேலா இவரைத்தான் விளையாட்டு அமைச்சராக்கினார். ரக்பியைக் கறுப்பர்களுக்குப் புரியவைக்க மண்டேலா ஒற்றை ஆளாகப் பாடுபட்டார் என்று காட்டுகிறது படம். அவர் அமைச்சரவையிலேயே ஸ்க்ரமில் (ரக்பியில் இரு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் இடம்) தோள் கொடுத்த ஒருவர் உட்கார்ந்திருந்தார்! ஸ்பிரிங்பாக் வீரர்கள் ராபன் தீவுக்குப் போய் மண்டேலாவின் அறையைப் பார்க்கும் காட்சி இருக்கிறதே, வெளியே மைதானத்துக்கு வந்ததும் யாராவது ஒருவர் "இங்கே உங்கள் ஆட்டத்தையும் ஆடினோம்" என்று அவர்களிடம் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்!

படத்தில் பிடித்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் குறை சொல்லவே எழுதியதாக ஆகிவிடும். தேவாலயத்தில் தானமாக ஸ்பிரிங்பாக் ஜெர்சியைக் கொடுக்கும்போது, உடம்பில் கிழிசல் சட்டையோடு நிற்கும் பையன் அதை வாங்காமல் ஓடுகிறான். ஒரு சட்டை அவ்வளவு கசக்குமா என்று என் பிள்ளைகள் கேட்கமாட்டார்கள். கயிறு கட்டும் ஊர்க்காரர்களுக்கு நிறம் என்றால் என்னவென்று தெரியும். அதே மாதிரி மண்டேலாவின் மெய்க்காப்பாளர் அறை. நேற்றுவரை ஒருவரை ஒருவர் வேட்டையாடியவர்கள் ஒரே மேசையில் வேலைப் பட்டியல் போட வேண்டிய சங்கடம். அந்த முறைப்புகளைப் பார்க்கும்போது எங்கள் ஆசிரியர் அறை ஞாபகம் வரும். போகட்டும்.

இப்போது முடிவுக்கு வருகிறேன். 1995 ஜூன் 24, எல்லிஸ் பார்க் மைதானம், நியூசிலாந்தோடு உலகக் கோப்பை இறுதியாட்டம். மண்டேலா கேப்டன் பினாரின் 6ஆம் எண் ஜெர்சியில் இறங்குகிறார், பெரும்பாலும் வெள்ளையர்களாலான கூட்டம் "நெல்சன், நெல்சன்" என்று முழங்குகிறது. கூடுதல் நேரத்தில் ஜோயல் ஸ்ட்ரான்ஸ்கியின் டிராப் கோல் (பந்தைத் தரையில் விட்டு எழும்போது உதைப்பது), 15–12. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். படம் எல்லோரும் கட்டிப்பிடிக்கும் இடத்தில் முடிகிறது.

எங்கள் பையன்களும் கட்டிப்பிடித்தார்கள். ஒரு வருடம் குறுவட்டக் கபடிப் போட்டியில் ஜெயித்தோம். கடைசி ரெய்டு போனவனை எதிர்த் தெருப் பையன்தான் தோளில் தூக்கினான். நான் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். திரும்பும்போது பஸ்ஸில் ஏறினோம். முன் சீட்டில் ஒரு தெரு, பின் சீட்டில் ஒரு தெரு. கோப்பை என் மடியில்.

உங்கள் நாட்டிலும் பஸ் பயணம் இருந்திருக்கிறது. இறுதியாட்டம் முடிந்த அன்று இரவு விருந்தில் ரக்பி சங்கத் தலைவர் லூயி லைட் எழுந்து, நாங்கள் இல்லாததால் 1987, 1991 கோப்பைகளுக்கு நிஜமான சாம்பியனே இல்லை என்கிற மாதிரிப் பேசினார். நியூசிலாந்து வீரர்கள் எழுந்து வெளியே போனார்கள். இந்தக் கோப்பை ஏன் இரண்டு முறை கைக்கு வராமல் போனது என்று ஒருவர் மறந்தேவிட்டார், அதுவும் அன்றைக்கே! ரக்பி நிர்வாகத்தை விசாரிக்க மண்டேலா ஆணையம் அமைத்ததை எதிர்த்து அதே சங்கம் வழக்குப் போட்டு, மூன்று வருடம் கழித்து, 1998-இல், அவரை நீதிமன்றத்துக்கு இழுத்தது. 6ஆம் எண் ஜெர்சி போட்ட கிழவர், நாட்டின் அதிபர், சாட்சிக் கூண்டில் நின்று பதில் சொன்னார். அந்தக் காட்சியை யார் எடுக்கப்போகிறீர்கள்?

செஸ்டர் வில்லியம்ஸ் இருக்கிறார். 1995 அணியில் வெள்ளையரல்லாத ஒரே ஆள். விளம்பரப் பலகைகளில் எல்லாம் அவர் முகம். காயத்தால் முதலில் அணியில் இல்லை. கனடா ஆட்டத்தில் கைகலப்பு நடந்து ஒருவருக்குத் தடை விதிக்கப்பட்டதும் திரும்ப அழைக்கப்பட்டு, காலிறுதியில் சமோவாவுக்கு எதிராக நாலு ட்ரை (பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டித் தரையில் வைப்பது) வைத்தார். 2002-இல் வந்த அவருடைய வாழ்க்கை வரலாற்றில், அணித் தோழர்கள் சிலரிடமிருந்தே நிறவெறிச் சொற்களைக் கேட்டதாகச் சொல்லியிருந்தார். படத்தில் அவர் சிரித்த முகத்தோடு மட்டும் வருகிறார். 2019 செப்டம்பரில், 49 வயதில் இறந்துபோனார். அடுத்த உலகக் கோப்பை தொடங்க இரண்டு வாரம்தான் இருந்தது.

அந்தக் கோப்பையைத் தூக்கியவர் சியா கோலிசி. ஸ்வீடேக்காரர். டான் கெக்கே மைதானம் இருக்கும் அதே ஸ்வீடே. அப்பாவும் ரக்பி ஆடியவர். பாட்டியிடம் வளர்ந்து, 12 வயதில் ஒரு போட்டியில் கண்ணில் பட்டு, உதவித்தொகையில் பெரிய பள்ளிக்குப் போனார். 2018 ஜூனில் ஸ்பிரிங்பாக் டெஸ்ட் அணிக்கு முதல் கறுப்பினக் கேப்டன் ஆனார். எங்கள் நூலக அறையில் அந்தப் பெண் கையைத் தூக்கியதற்கு ஒரு மாதம் முன்னால்! ஜெர்சி எண் 6. வேலிக் காட்சியை மட்டும் பார்த்து வளர்ந்தவனுக்குக் கோலிசி எங்கிருந்தோ குதித்த அதிசயமாகத்தான் தெரிவார்.

2019 இறுதியாட்டத்தில் இங்கிலாந்தை 32–12 என்று ஜெயித்தபோது முதல் ட்ரை வைத்தவர் மகசோலே மாபிம்பி. கிழக்கு கேப்பில் ஒரு கிராமத்துப் பள்ளியில் படித்தவர். அவரைப் பெரிய பள்ளி எதுவும் தூக்கிக்கொண்டு போகவில்லை. 1995 இறுதியில் இரு தரப்பும் ஒரு ட்ரைகூட வைக்கவில்லை, 2007 இறுதியிலும் அப்படித்தான். உலகக் கோப்பை இறுதியில் தென்னாப்பிரிக்கா வைத்த முதல் ட்ரையே மாபிம்பியுடையது. 2023-இல் கோலிசி மறுபடியும் தூக்கினார், 12–11, எதிரணி அதே நியூசிலாந்து. இந்த வெற்றிகளை வைத்து யாராவது படம் எடுக்கத்தான் போகிறீர்கள். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

என் வேண்டுகோள்: இறுதியாட்டம் நடந்த பாரிஸிலோ யோகோஹாமாவிலோ தொடங்காதீர்கள். ஏழைப் பையன், பாட்டி, உதவித்தொகை, கோப்பை என்று ஒரே கோட்டில் ஓட்டிவிடாதீர்கள். ஸ்வீடேயில் ஒரு சனிக்கிழமை மத்தியானத்தில் தொடங்குங்கள். 1970களின் ஒரு சனிக்கிழமை. காற்றில் மண் பறக்கட்டும், ஜெர்சி தையல் விட்டிருக்கட்டும், ஓரத்தில் கிழவிகள் நடுவரைத் திட்டட்டும். ஆட்டம் நன்றாக இருக்க வேண்டும், அது முக்கியம். பாவம் பார்க்கவைக்கிற ஆட்டமாக இருந்தால் என் பிள்ளைகள் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஜெயித்த பிறகு பஸ்ஸுக்குள்ளும் கேமராவைக் கொண்டுபோங்கள்.

கேள்வி கேட்ட அந்தப் பெண் பள்ளி முடித்துப் போய்விட்டாள். போவதற்கு முன் ஒரு நாள் மாபிம்பியின் ட்ரையை என் போனில் அவளுக்குக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்ல சார்" என்றாள்.

படம் வந்ததும் நானே வாங்கிப் போடுவேன். ஒன்றே ஒன்று: எங்கள் புரொஜெக்டர் பல்பு மங்கல், ஜன்னலுக்குத் திரைச்சீலையும் கிடையாது. இருட்டுக் காட்சிகளைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு பி.டி. வாத்தியார்